ஆட்காட்டிக் குருவியும் அஞ்சாத்தளிர் அறக்கட்டளையும்

ஒரு காட்டில், பெயரைச் சொன்னால் அங்கே இருப்பவர்களின் மனம் புண்படும் என்பதால் ஏதோ ஒரு காட்டில் என்றே வைத்துக்கொள்வோம், வடிவு என்றொரு ஆட்காட்டிக் குருவி வாழ்ந்துவந்தாள். பெயர்தான் வடிவு. குரல், தகரத்தில் ஆணியால் இழுத்தது போலிருக்கும். ஓடைக்கரைப் பாறைமேல் நின்று எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே இருந்த ஈச்சம்புதரில் ஓர் ஓலை தப்பாக அசைந்தால் போதும், காது கிழியக் கத்துவாள்.

அந்தப் புதரில் ஒரு காட்டுப்பூனை குடியிருந்தது. சாயங்காலம் தண்ணீர் குடிக்க வரும் முயல்களும் கவுதாரிகளும்தான் அதற்குச் சாப்பாடு. வடிவு கத்தினால் சாப்பாடு எழுந்து ஓடிவிடும். பூனை பல்லைக் கடித்துக்கொண்டு தவளையைத் தின்றுவிட்டுப் படுக்கும். அந்த வட்டாரத்தின் பாதுகாப்பு ஏற்பாடு என்றால் இவ்வளவுதான். யாரும் திட்டம் போட்டதில்லை, யாரும் குத்துவிளக்கு ஏற்றித் திறந்துவைத்ததில்லை. அதனால் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

இதற்காக வடிவை யாராவது தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்களா என்றால், அதுதான் இல்லை. பேச்சிமுத்து என்ற கவுதாரி அவளைத் தினமும் திட்டுவார். "ஏ புள்ள, அது தொண்டையா, இல்ல ஓட்டைத் தகர டப்பாவா? ஒரு வாய் தண்ணி நிம்மதியாக் குடிக்க விடுறியா நீ?" என்பார். திட்டிக்கொண்டேதான் ஓடுவார். எல்லாருக்கும் முன்னால் அவர்தான் ஓடுவார். ஓடியதால் உயிரோடு இருந்தார், உயிரோடு இருந்ததால் மறுநாளும் வந்து திட்டினார். வடிவுக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை என்று வெளியே சொல்லிக்கொள்வாள். உள்ளுக்குள் இருந்தது.

அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி சொக்கி என்ற முயல். ஓடைக்கரைப் புல்லில் பள்ளம் பறித்துக் குடியிருந்தாள். போன பருவத்தில் வடிவுக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்ட சமயம், சொக்கியின் குட்டிகள் அத்தனையையும் பூனை கொண்டுபோய்விட்டது. சொக்கி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட வடிவுக்கு ஆறியிருக்கும். இந்தப் பருவம் சொக்கி மறுபடியும் குட்டி போட்டபோது, இதுகளின் ஒரு மயிர்கூட உதிராமல் பார்த்துக்கொள்வேன் என்று வடிவு மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் காட்டுக்கு நல்லது செய்ய ஆள் வந்தது.

வந்தவர் ஒரு கொக்கு. பெயர் இன்பசாகரன். அஞ்சாத்தளிர் அறக்கட்டளையின் இயக்குநர். வட்டாரப் பாதுகாப்பு, இளையோர் தலைமைத்துவம் இரண்டும் அவர்கள் பணி. குளிர்காலத்தில் கடல் தாண்டி ஏரிக்கு வரும் பூநாரைகள்தான் அறக்கட்டளையின் புரவலர்கள். பூநாரைகளுக்கு நம் காட்டு மொழி தெரியாது. தலையாட்டத் தெரியும். அவர்கள் எதற்குத் தலையாட்டினார்கள் என்பதைக் கொக்குதான் நமக்கு எடுத்துச் சொல்வார். பெரும்பாலும் இன்னொரு பயிற்சி முகாம் நடத்தச் சொல்லியிருப்பார்கள்.

முதல் முகாமில் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்தார். ஒவ்வொருவரும் தம் பெயரின் முதல் எழுத்துக்கு ஒத்துவரும் ஒரு நல்ல குணத்தைச் சேர்த்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். "சுறுசுறுப்பான சொக்கி" என்றாள் சொக்கி. "பேச்சைக் குறைத்த பேச்சிமுத்து" என்றார் கவுதாரி. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புது உறுப்பினர் தலையைக் குனிந்துகொண்டு, "பாசமுள்ள பூனை" என்றது. வட்டம் அப்படியே பின்னால் சாய்ந்தது. கொக்கு கையமர்த்தினார். பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது ஆபத்தை ஒதுக்கிவைப்பது எந்த ஊர் நியாயம், எல்லாத் தரப்பும் வட்டத்துக்குள் வந்தால்தான் மாற்றம் வரும் என்று விளக்கினார். வட்டத்துக்குள் இருக்கும்வரை யாரும் யாரையும் தின்னக் கூடாது என்று ஒரு விதியும் போட்டார். பூனை அந்த விதியைக் கடைசிவரை மீறவில்லை. வட்டத்துக்கு வெளியே என்ன செய்ய வேண்டும் என்று விதி எதுவும் இல்லாததால் அதற்குச் சிரமமும் இல்லை.

பிறகு மழைக் கைதட்டல் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஒரு விரலால் தட்ட வேண்டும், அது தூறல். கொஞ்சம் கொஞ்சமாக விரல்களைச் சேர்த்தால் சாரல். கடைசியில் எல்லா விரலும் சேர்ந்தால் அடைமழை. கண்ணை மூடிக்கொண்டு தட்டினால் மனம் ஒருமைப்படும் என்றார். விரல் இல்லாதவர்கள் சிறகால் அடித்தார்கள். காட்டில் அதுவரை யாரும் யாருக்கும் கைதட்டியதில்லை. அதனால் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று.

வடிவைக் கொக்கு கண்டுபிடித்தது இப்படித்தான். ஓடைக்கரையில் காவல் காக்கும் ஒரு குருவி இருக்கிறாள், இத்தனை நாளும் எந்த அமைப்பும் அவளை அடையாளம் காணவில்லை என்று கேள்விப்பட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவளை வட்டத்தின் நடுவில் நிறுத்தி, கழுத்தில் பச்சைத் துண்டு போட்டு, "இளம் தலைவி" என்று அறிவித்தார். "எங்கேம்மா, ஒருதரம் கத்திக் காட்டு" என்றார்.

வடிவு கத்தினாள். அடுத்த நொடி வட்டத்தில் ஒருவர்கூட இல்லை. பேச்சிமுத்து கீழே போட்ட இறகு மட்டும் கிடந்தது.

கொக்குக்கு மனசு உடைந்துவிட்டது. இப்படிக் கலைந்து ஓடினால் எங்கே இருந்து தலைமைத்துவம் வளரும்? ஓடுவது பழைய முறை, பயத்தின் முறை என்று எடுத்துச் சொல்லி, எல்லாரையும் தேடிப்பிடித்து மறுபடி உட்காரவைத்தார். வடிவை மறுபடி கத்தச் சொன்னார். ஓடாமல் உட்கார்ந்து கைதட்டியவர்களுக்கு ஆளுக்கொரு பிடி பொரி கொடுத்தார். இரண்டாவது முகாமில் பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம் நடந்த முகாம்களில், வடிவின் குரல் கேட்டால் ஓடுவதற்குப் பதில் தூரத்தில் இருப்பவர்கள்கூடக் கிட்டே வந்து வட்டமாக உட்கார்ந்து தூறல் போடத் தொடங்கினார்கள். கொக்கு இதற்கு நடத்தை மாற்றம் என்று பெயர் சொன்னார்.

வடிவுக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன்? பிறந்ததிலிருந்து வாயை மூடு என்று மட்டுமே கேட்டு வளர்ந்தவள் அவள். இப்போது அதே வாய்க்கு அடைமழை பெய்கிறது. பேச்சிமுத்துகூட ஒருநாள், "கேட்கக் கேட்க ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவள் இரை தேடவே மறந்துபோனாள்.

ஒவ்வொரு முகாமும் நன்றியுரையோடு முடியும். நன்றியுரை சொல்வது எப்போதும் இளையோரின் பொறுப்பு, அதாவது வடிவின் பொறுப்பு. "அடுத்ததாக நன்றியுரை" என்று சொன்னதும் காட்டில் நடப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மான் கழுத்தைச் சொறிவது போல நகரும். ஆமை, ஆமாம், ஆமைகூட, காணாமல் போய்விடும். சொக்கி குட்டிகளைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு முதல் புதரைத் தாண்டியிருப்பாள். மிஞ்சுவது கொக்கு ஒருவர்தான். அவர் பெயர் நன்றியுரையின் கடைசியில், நீளமான அடைமொழிகளோடு வரும். அதுவரை ஒற்றைக் காலில், கண்ணை மூடிக்கொண்டு, முகத்தில் ஒரு சாந்தத்தோடு நிற்பார். இயக்குநரைத் தவிர யாருமே இல்லாத மைதானத்தில் வடிவு எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் முகாம் எதுவும் இல்லை. வழக்கம்போல எல்லாரும் தண்ணீர் குடிக்க வந்திருந்தார்கள். இந்தக் கரைக் கோரைப்புல்லுக்குள் இரண்டு கூர்க்காது தெரிந்ததை வடிவு பார்த்தாள். கத்தினாள், நிஜமாக.

பேச்சிமுத்து தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினார். புன்னகைத்தார். அப்படியே கரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு சிறகால் தூறல் போட ஆரம்பித்தார். அங்கங்கே புதரிலிருந்து மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். சொக்கியும் குட்டிகளோடு வந்து உட்கார்ந்தாள். வடிவு இன்னும் பலமாகக் கத்தினாள், தூறல் சாரலாயிற்று. சாரல் அடைமழையாகும்போது பேச்சிமுத்து அங்கே இல்லை. கண்ணை மூடியிருந்தவர்கள் அது தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரங்கல் கூட்டத்தை அறக்கட்டளையே முன்நின்று நடத்தியது. பூனையும் வந்திருந்தது. பேச்சிமுத்துவைத் தன் அளவுக்கு உள்ளும் புறமும் அறிந்தவர் இந்தக் காட்டில் யாருமே இல்லை என்று அது தழுதழுத்தபோது பலர் கண் கலங்கினார்கள். பூநாரைகளுக்குக் கொக்கு சேதி அனுப்பினார். நேரடிச் செயல்விளக்கம் தத்ரூபமாக நடந்தது, பதற்றத்தில் ஒருவர்கூடக் கலைந்து ஓடவில்லை என்பதே அந்தச் சேதி. அவர்கள் தலையாட்டியதாகப் பதில் வந்தது.

மறுநாள் சாயங்காலம் பாறைமேல் நின்ற வடிவை யாரும் திட்டவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. தகர டப்பா என்று ஒருதடவை கூப்பிட மாட்டாரா என்றிருந்தது. நேரே கொக்கிடம் போனாள்.

"சார், நான் கத்தினா ஓடணும் சார். அதுக்குத்தானே கத்துறதே."

"ஓடுறது தப்பிக்கிற மனப்பான்மைம்மா. நாம வளர்க்கிறது எதிர்கொள்கிற மனப்பான்மை."

"பேச்சிமுத்து மாமா எதிர்கொண்டாரே சார்."

கொக்கு ஒரு காலை மாற்றிக்கொண்டார். "அவரோட பங்களிப்பை ஆண்டு விழாவுல கட்டாயம் குறிப்பிடுவோம்" என்றார். விழாவுக்குப் பூநாரைகள் நேரில் வருகிறார்கள், வடிவின் குரலைக் கேட்கத்தான் வருகிறார்கள், இந்த நேரத்தில் இளம் தலைவியே நம்பிக்கை இழந்து பேசலாமா என்று கேட்டார். தண்ணீர் கொடுத்து உபசரித்து அனுப்பினார்.

அங்கிருந்து சொக்கியிடம் போனாள். இனிமேல் நான் கத்தினால் தட்டாதே, குட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடிவிடு என்று கெஞ்சினாள். சொக்கி தன் முன்னங்கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஓடணும்னுதான்டி நெனக்கிறேன். உன் சத்தம் கேட்டா கை தானா வந்து சேருது. எனக்காவது ஓடின ஞாபகம் இருக்கு. இந்தக் குட்டிங்க கண்ணு திறந்ததுல இருந்து உன் சத்தத்துக்குத் தட்டித்தான் பழக்கம்."

வடிவு குரலை மாற்றிப் பார்த்தாள். புது மெட்டு என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள். வெறுமனே "ஓடுங்க" என்று கத்திப் பார்த்தாள். அதற்குள் கொக்கு வீதி நாடகம் ஒன்று போட்டிருந்தார். அதில் கோழை ஒருவன் வந்து "ஓடுங்க" என்பான், எல்லாரும் கையை உயர்த்தி "ஓட மாட்டோம்" என்று முழங்க வேண்டும். ஆகவே அவள் ஓடுங்க என்றதும் ஓடைக்கரை முழுவதும் ஓட மாட்டோம் என்றது. பயிற்சி அந்த அளவுக்கு ஆழமாக இறங்கியிருந்தது.

ஆண்டு விழா வந்தது. புங்க மரத்தடியில் மேடை. பூநாரைகள் முன்னால் வந்து ஒற்றைக் காலில் நின்றார்கள். வரிசையின் முனையில், கோரைப்புல்லை ஒட்டி, சொக்கியின் குட்டிகளைக் கழுத்தில் பச்சைத் துண்டோடு உட்காரவைத்திருந்தார்கள். எதிர்காலத் தலைவர்கள் என்று கொக்கு அறிமுகம் செய்தார். பூனை மட்டும் வரவில்லை. தவிர்க்க முடியாத வேலை ஒன்று இருக்கிறது, விழா சிறக்க வாழ்த்துகள் என்று சொல்லி அனுப்பியிருந்தது.

கொக்கு நெடுநேரம் பேசினார். பேச்சிமுத்துவின் பங்களிப்பைச் சொன்னபடியே குறிப்பிட்டார், பெயரை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டார். பிறகு வடிவை மேடைக்கு அழைத்தார்.

மேடையில் ஏறி நின்ற வடிவுக்குத் தவிர்க்க முடியாத அந்த வேலை என்னவென்று தெரிந்துவிட்டது. குட்டிகளுக்குப் பின்னால் கோரை விலகியிருந்தது. நடுவில் இரண்டு கூர்க்காது.

கத்தினாள். தூறல் தொடங்கிற்று. பூநாரைகள் தலையாட்டினார்கள். தொண்டையில் இரத்தம் வரும்போலக் கத்தினாள். சாரல். "ஓடுங்க, சொக்கியக்கா, ஓடுங்க" என்றாள். கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கி, ஓட மாட்டோம் என்றது. குட்டிகளும் சின்னக் குரலில் ஓட மாட்டோம் என்றன. சொக்கி மட்டும் கண்ணை மூடவில்லை. அவள் வடிவின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டுவிட்டாள், கண் பயத்தில் வெளியே வந்துவிடும் போலிருந்தது. ஆனாலும் அவளுடைய கைகள் தட்டிக்கொண்டே இருந்தன, அவள் சொன்னதைக் கேட்கவில்லை.

பூனை பின்னங்காலை ஊன்றிக்கொண்டது. வடிவுக்கு உலகமே வெறுத்துப்போயிற்று. இந்தக் கும்பலை எழுப்பி ஓடவைக்க மூன்று உலகத்திலும் எதுவும் இல்லையா என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது.

வாயை மூடினாள். மூச்சை இழுத்துவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக மெல்லிய குரலில் பேசினாள்.

"அடுத்ததாக, நன்றியுரை. இந்த இனிய மாலைப் பொழுதிலே..."

மாலை என்பதற்குள் மான்கள் இல்லை. பொழுது என்பதற்குள் ஆமை இல்லை. சொக்கியின் கைகள் தட்டுவதை விட்டன. கைகள் யோசிக்கவே இல்லை, குட்டிகளின் காதைப் பிடித்தன. குட்டிகளோ அம்மா இழுக்கும்வரை காத்திருக்கவில்லை. எத்தனை முகாமுக்கு வந்து எழுந்து போய்ப் பழகியவை, கிளம்பு என்றால் தெரியாதா? பூநாரைகள்கூடக் கிளம்பிவிட்டார்கள். மொழி தெரியாவிட்டாலும் உலகமெல்லாம் சுற்றியவர்கள், நன்றியுரை வருவது அவர்களுக்குத் தொனியிலேயே தெரியும்.

பூனை பாய்ந்தது. குட்டிகள் உட்கார்ந்திருந்த இடத்தில் பச்சைத் துண்டுகள் மட்டும் கிடந்தன. வாயில் துண்டோடு அது சுற்றிலும் பார்த்தது.

மைதானத்தில் ஒருவர் மிஞ்சியிருந்தார். ஒற்றைக் காலில், கண்ணை மூடிக்கொண்டு, முகத்தில் சாந்தத்தோடு நின்றார். அவர் பெயர் இன்னும் வரவில்லை அல்லவா?

வடிவு அவருக்காகவும் கத்தினாள். கோபதாபம் எதையும் வைத்துக்கொள்ளாமல், உண்மையாகவே மனசாரக் கத்தினாள். கொக்கு கண்ணைத் திறக்கவில்லை. தனக்குப் பிடித்த குரலைக் கேட்டவர் போல இன்னும் கொஞ்சம் புன்னகைத்து, ஒரு சிறகால் தூறல் போட ஆரம்பித்தார்.

அன்று இரவு சொக்கி வந்து வடிவின் பாறையடியில் குட்டிகளோடு படுத்துக்கொண்டாள். குட்டிகள் எல்லாம் சரியாக இருந்தன. வடிவு அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இனிமேல் எது வந்தாலும் நன்றியுரை இருக்கிறது என்று தைரியம் வந்தது. பேச்சிமுத்து இருந்திருந்தால், இதற்கு உன் கத்தலே தேவலை என்றிருப்பார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் அறக்கட்டளை என்று ஒன்று இருந்தால் அதற்கு இயக்குநர் என்று ஒருவர் இருந்தாக வேண்டும். பூநாரைகள் ஏரியில் கூடி ஆலோசித்தார்கள். காட்டு மக்களோடு நெருங்கிப் பழகியவராக இருக்க வேண்டும். களத்தில் இறங்கி வேலை செய்தவராக இருக்க வேண்டும். ஒரு பயிற்சிக்குக்கூடத் தாமதமாக வராதவராக இருந்தால் ரொம்ப நல்லது. முன்னாள் இயக்குநரைக் கடைசி நேரத்தில் அருகில் இருந்து பார்த்துக்கொண்டவர் என்ற தகுதியும் சேர்ந்தது. பூனை பதவி ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல வேண்டும், இனி மரியாதை முக்கியம்.

பதவியேற்பு விழாவுக்குக் காடே வந்திருந்தது. சொக்கி குட்டிகளோடு வந்திருந்தாள். வடிவு மேடையின் ஓரத்தில், நன்றியுரையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். எந்தக் கோரை அசைந்தாலும் சொல்லிவிட வேண்டியதுதான் என்றிருந்தாள்.

புது இயக்குநர் சுருக்கமாகப் பேசினார். மறைந்த இன்பசாகரன் தமக்குள் இன்றும் இருக்கிறார் என்றார். வட்டத்தின் விதிகள் அப்படியே தொடரும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"எத்தனையோ கூட்டத்துல உங்களோட உட்கார்ந்திருக்கேன். உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். இன்னையிலிருந்து நம்ம நிகழ்ச்சி எதுலயும் நன்றியுரை கிடையாது."

ஒரு நொடி யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. அப்புறம் எழுந்தது பாருங்கள் கைதட்டல். தூறலும் இல்லை, சாரலும் இல்லை, எடுத்த எடுப்பிலேயே அடைமழை. யாரும் சொல்லிக்கொடுத்துத் தட்டியது அல்ல, உள்ளத்திலிருந்து வந்தது. இத்தனை காலத்தில் மக்களைப் புரிந்துகொண்ட ஒரு தலைவர் இப்போதுதான் கிடைத்திருக்கிறார் என்று மான்கள் பேசிக்கொண்டன. ஆமை கண்ணைத் துடைத்துக்கொண்டது. சொக்கியும் சிரித்துக்கொண்டே தட்டினாள், குட்டிகளும் தட்டின.

வடிவு வாயைத் திறந்தாள். நாக்கு நுனியில் இருந்த நன்றியுரைக்கு இனி அங்கே வேலை இல்லை. இயக்குநர் அவள் பக்கம் திரும்பி, ஒருதரம் கத்திக் காட்டும்மா என்று அன்போடு கேட்டுக்கொண்டார்.

நீதி: நன்றியுரை இழுக்கிறதே என்று இனி அலுத்துக்கொள்ளாதீர்கள். ஊரை எழுப்பி ஓடவைக்க மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதையும் வேண்டாம் என்று சொல்பவருக்குப் பசிக்கிறது என்று அர்த்தம்.